ஒளிய இடம் கொடுங்க... மீன் வெளியே வரும்! - இரண்டடித் தொட்டிக்குள் குகை கட்டிய கதை

புதுசாக மீன் தொட்டி வைத்த முதல் வாரம், எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "தொட்டி இருக்கு... மீன் எங்கே?"

நியாயமான கேள்விதான். சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். அங்கே கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு ஜோடி கிரிபென்சிஸ் வாங்கி வந்திருந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா, கேமரூன் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்த மீன் இது. பெண் மீனின் வயிறு, மாதுளம்பழத்தைப் பிழிந்து பூசியதுபோலச் சிவந்திருக்கும். கடையில் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இரண்டுமே நிறம் வெளுத்து, ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டன. சாப்பாடு போட்டால்கூட நாம் நகர்ந்த பிறகுதான் வரும்.

"காசு கொடுத்து வாங்கிட்டு வந்தா, கடன்காரன் வாசல்ல நிக்கற மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு இருக்குதுங்க" என்றார் அம்மா.

கடைக்கார அண்ணனுக்கு போன் போட்டேன். "தொட்டியில என்னம்மா வெச்சிருக்க?" என்று கேட்டார். மணல், நாலு செடி, ஒரு ஃபில்டர் என்றேன். "அப்புறம் எப்படி வெளியே வரும்? ஒளிய இடம் இல்லைன்னாதான் அது நாள் முழுக்க ஒளியும். ஒரு குகை வெச்சுக் கொடு. ஓடிப்போய் நுழைய ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சா, தைரியமா வெளியே சுத்தும்" என்றார்.

கேட்கும்போது தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனால், யோசித்துப் பாருங்கள். நாலு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேல் எல்.இ.டி வெளிச்சம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நடமாடும் பெரிய பெரிய உருவங்கள். ஆற்றில் வேர்களுக்கும் கற்களுக்கும் நடுவே வாழும் மீனுக்கு இது நட்டநடு மைதானத்தில் நிற்பதுபோலத்தான்.

முதல் குகை... என் தப்பு!

அந்த ஞாயிற்றுக்கிழமையே வேலையை ஆரம்பித்துவிட்டேன். நாலைந்து வீடியோ பார்த்த தைரியம். கடையிலிருந்து கொண்டுவந்த கற்களில் இரண்டை மணல்மேல் நிறுத்தி, தட்டையான ஒன்றை மேலே படுக்கவைத்தேன். பக்கத்தில் ஒரு செடி. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். நல்லாவும் இருந்தது.

அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. மறுநாளே இரண்டு மீனும் குகை வாசலில் நின்றன. மூன்றாவது நாள் தொட்டி முழுக்கச் சுற்ற ஆரம்பித்தன. பெண் மீனின் வயிற்றில் அந்தச் சிவப்பு திரும்பி வந்தது. வாய் வாயாக மணலை அள்ளி வெளியே கொண்டுவந்து துப்பும். 'வீட்டைச் சுத்தம் பண்ணுது பாரு' என்று அம்மாவைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

அது சுத்தம் செய்யவில்லை, தோண்டிக்கொண்டிருந்தது. கிரிபென்சிஸ் முட்டையிடத் தயாராகும்போது குகைக்குள் இருக்கும் மணலைத் தோண்டி இடத்தைப் பெரிதாக்கும். இது அதை வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு காலை எழுந்து பார்த்தால், ஒரு பக்கத்துக் கல் மணலுக்குள் இறங்கி, மேல் கல் சரிந்திருந்தது. ஆண் மீன் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கல்லைத் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டேன். ஒரு மீனுக்காகவா என்று கேட்பவர்கள், அது மணல் அள்ளித் துப்பியதைப் பார்க்காதவர்கள்.

அப்பா மேஸ்திரி. முப்பது வருஷமாகச் சென்னையில் வீடு கட்டுகிறார். அதுவரை என் தொட்டிப் பக்கமே வராத மனிதர், அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். சரிந்த கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மணலு மேல கல்லை நிக்க வெச்சிருக்க பாப்பா. அதுங்க கீழே தோண்டுதுங்க. அஸ்திவாரம் இல்லாத சுவரு எப்படி நிக்கும்?"

திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கல் முதலில், மணல் அப்புறம்!

இரண்டாவது குகை அப்பாவின் மேற்பார்வையில் நடந்தது. ஆண் மீனை ஒரு புது பிளாஸ்டிக் வாளியில் தொட்டித் தண்ணீரோடு மாற்றி, ஏர் பம்ப் போட்டு, ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் அதே வாளிக்குள் வைத்தோம். ஸ்பாஞ்சைக் காயவிடக் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் இந்த பாக்டீரியா வளர்வதற்காக நாலு முதல் ஆறு வாரம் மீன் விடாமல் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்த வேலை மிச்சம்.

எங்கள் தொட்டி 60 செ.மீ நீளம், 30 செ.மீ அகலம், 30 செ.மீ உயரம். கணக்குப்படி 54 லிட்டர். கல், மணல், தண்ணீர், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் எடை 70 கிலோவை நெருங்கும். ஷோகேஸ் பலகையில் வைக்கிற விஷயமில்லை இது. அப்பா முதலில் ரசமட்டத்தை எடுத்து ஸ்டாண்டைச் சரிபார்த்தார். ஒரு காலுக்குக் கீழே அட்டை வைத்திருந்தேன், அதை உருவி எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

குகைக்கான முக்கிய விதி இதுதான். கனமான கல் எதுவும் மணல்மேல் உட்காரக் கூடாது. தொட்டியின் அடிக் கண்ணாடியில் மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்றை விரித்து, அதன்மேல் குகையை உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் சுற்றி மணலைக் கொட்ட வேண்டும். ஃபோம் ஷீட் இருப்பதால் கல்லின் கூர்முனை கண்ணாடியைக் குத்தாது. மீன் எவ்வளவு தோண்டினாலும் கல் கீழே இறங்காது. குகைக்குள் இரண்டு செ.மீ மணல் போதும், தோண்டுகிற ஆசைக்கு.

கல் தேர்வில் அப்பாவுக்கே ஒரு ஆச்சர்யம் காத்திருந்தது. வேலை நடக்கிற இடத்திலிருந்து மிச்சமான கடப்பா கல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "கிச்சன் அலமாரியே தாங்குது, இதுக்கு மேல என்ன லிண்டல் வேணும்?" என்றார். போட்டோ எடுத்துக் கடைக்கார அண்ணனுக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று உடனே பதில் வந்தது. கடப்பா கல் என்பது சுண்ணாம்புக் கல். தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து அதன் கடினத்தன்மையை ஏற்றும். செடிக்காக கார்பன் டை ஆக்ஸைடு விடுகிற தொட்டி என்றால் இன்னும் சீக்கிரம் கரையும். மீன் உடனே செத்துவிடாது. ஆனால், சென்னை போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது, அதில் நாம் வேறு சுண்ணாம்பு சேர்க்க வேண்டாமே. பளிங்குக்கும் கிளிஞ்சலுக்கும் பவளக் கல்லுக்கும் இதே கதைதான்.

சந்தேகமான கல்லா? ஆணியால் நன்றாகக் கீறி, அந்தப் பொடிமேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது வேண்டாம். கிரானைட்டும் எரிமலைக் கல்லான லாவா ராக்கும் நுரைக்காது. அன்று வீட்டிலிருந்த எல்லாக் கல்லையும் அப்பா கீறிப் பார்த்தார், அம்மிக்கல்லை மட்டும் அம்மா கொடுக்கவில்லை.

அடுத்து அப்பாவின் யோசனை, எம்-சாண்ட். அதற்கும் தடை விழுந்தது. அது உடைத்த கல், முனை கூராக இருக்கும், வாயில் அள்ளும் மீனுக்கு ஆகாது. ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும்வரை கழுவிப் போட்டோம். எத்தனை முறை கழுவினேன் என்று கேட்காதீர்கள்.

கொட்டாங்குச்சிக்குள் ஒரு வீடு

லாவா ராக் எடை குறைவு, பசை நன்றாகப் பிடிக்கும், செடியின் வேரும் பற்றிக்கொள்ளும். ஆனால் உள்ளே முரடு. மீனின் செதிலைச் சிராய்க்கும். கிரிபென்சிஸ் முட்டையிடுவதோ குகையின் கூரையில், தலைகீழாக நின்றுகொண்டு. அதனால் கூரை வழவழப்பாக இருந்தால் நல்லது. தீர்வு சமையலறையில் இருந்தது. உள்ளே கொட்டாங்குச்சி, வெளியே லாவா ராக்.

கண் இருக்கிற பாதியை எடுத்தோம். நாரைச் சுரண்டிவிட்டு, அரை மணி நேரம் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு வாரம் ஊறவைத்தால், சாயம் பெரும்பாலும் இறங்கிவிடும். முதலில் மிதக்கும், ஊற ஊற மூழ்கும். ஓரத்தில் நாலு செ.மீ அகலத்துக்கு ஒரு வாசல் வெட்டி, உப்புத் தாளால் தேய்த்தோம். கொட்டாங்குச்சியின் ஒரு கண்ணைக் குத்தித் திறந்துவிட்டோம்.

இந்தக் கண் சும்மா அழகுக்காக இல்லை. ஒரே வாசல் உள்ள குகைக்குள் தண்ணீர் ஓடாது. கழிவும் மிச்சத் தீனியும் உள்ளேயே தங்கி அழுகும். ஆனால் முட்டையைக் காக்கிற மீனுக்கு ஒரே வாசல்தான் பிடிக்கும், காவல் காக்க அதுதான் வசதி. மேலே விரல் நுழையாத அளவில் ஒரு துளை இருந்தால் இரண்டு பிரச்னையும் தீரும். துளையின் அளவில் மட்டும் கவனம் தேவை. மீனின் தலையே நுழைய முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லை உடம்பு முழுக்கத் தாராளமாகப் போய்வரும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். நடுத்தர அளவுதான் ஆபத்து, தலை நுழைந்து உடம்பு சிக்கிக்கொள்ளும். செம்மண் பூந்தொட்டியைக் கவிழ்த்துவைத்துக் குகையாக்குபவர்கள், அடியிலிருக்கும் ஓட்டையை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

லாவா துண்டுகளை ஒட்ட சூப்பர் க்ளூ. இரண்டு கல்லும் உலர்ந்திருக்க வேண்டும். இடுக்கில் டிஷ்யூ பேப்பரைக் கொஞ்சம் திணித்து, அதன்மேல் பசையைச் சொட்டினால் சில நொடிகளில் கல்லாகிவிடும். அப்போது சூடாகும், கண் எரிகிற மாதிரி புகையும் வரும். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் ஈரம் காய்வதற்குள் மணலைத் தூவிவிட்டால் கல்லோடு கல்லாகிவிடும். 'பூச்சு வேலை' என்று அப்பா அதற்குப் பெயர் வைத்தார்.

எல்லாம் முடிந்ததும், ஒரே ஒரு கல்லைப் பிடித்து மொத்தக் குகையையும் தூக்கி உதறிக் காட்டச் சொன்னார். இரண்டு துண்டு கீழே விழுந்தது. மறுபடி ஒட்டினோம். மறுபடி உதறல். மூன்றாவது முறை எதுவும் அசையவில்லை.

நடுவில் வைக்காதீர்கள்!

இனி அழகு. மீன் தொட்டிக்குள் ஓர் இயற்கைக் காட்சியை உருவாக்கும் கலைக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தவர் ஜப்பானின் தகாஷி அமானோ. 1954-ல் நீகாட்டா பகுதியில் பிறந்த புகைப்படக் கலைஞர். 2015-ல் இறந்தார். அதே ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் மீன் காட்சியகத்தில் அவர் உருவாக்கிய தொட்டி திறக்கப்பட்டது. 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர். நம்முடையது இரண்டடி. ஆனாலும் அந்தப் பாணியின் பாடங்கள் இதற்கும் பொருந்தும்.

குகையைத் தொட்டியின் நட்டநடுவில் வைத்தால் கோயில் கர்ப்பகிரகம்போல இருக்கும், குகைபோல இருக்காது. நீளத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு முடிகிற இடத்தில் வையுங்கள். பெரிய கல் ஒன்று, அதைவிடச் சின்னதாக இரண்டு என ஒற்றைப்படையில் கற்கள் இருந்தால் அடுக்கிவைத்ததுபோலத் தெரியாது. வாசலை நேராக நம் பக்கம் திருப்பாமல் கொஞ்சம் சாய்வாகத் திருப்புங்கள். பார்வைக்கு ஆழம் கிடைக்கும், உள்ளே இருக்கிற மீனுக்கும் நிம்மதி.

மணலை முன்பக்கம் மூன்று செ.மீ, பின்பக்கம் எட்டு செ.மீ எனச் சரிவாகப் போட்டோம். வாசலிலிருந்து பின்னால் போகப் போகக் குறுகும் ஒரு மணல் பாதை, அதன் ஓரத்தில் முன்னால் பெரிய கூழாங்கற்கள், பின்னால் பொடிக் கற்கள். ஓர் அடி அகலம்கூட இல்லாத தொட்டியில் தூரம் தெரிவதற்கு இந்தக் கண்கட்டு வித்தைதான் காரணம். மீனின் அளவும் முக்கியம். சின்ன மீன் பக்கத்தில் போனால்தான் குகை பெரிதாகத் தெரியும்.

செடிகளில் என் செல்லம் அனுபியாஸ். மெதுவாக வளரும், குறைந்த வெளிச்சம் போதும், தடித்த இலையை மீன்கள் கடிப்பதில்லை. கிரிபென்சிஸ் பிறந்த அதே மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி என்பது பிறகுதான் தெரிந்தது. இதையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணில் புதைக்கக் கூடாது, படுத்து வளரும் அதன் தண்டு அழுகிவிடும். கல்லில் நூலால் கட்டினாலோ ஒரு சொட்டு பசையில் ஒட்டினாலோ போதும். குகைக் கூரைமேல் அனுபியாஸ், வாசல் நெற்றியில் ஜாவா மாஸ், பின்னால் உயரமாக வாலிஸ்னேரியா. ஓரங்களில் கிரிப்டோகோரைன் வெண்டி. இது நம் பக்கத்து இலங்கையின் செடி. நட்ட சில நாள்களில் இலையெல்லாம் கூழாகி உதிரும். பயந்து பிடுங்கிவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நான் ஒன்றைப் பிடுங்கிவிட்டேன்.

விளக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. அதிகம் எரிந்தால் கல்லெல்லாம் பச்சைப் பாசி. குகை இருட்டாக இருப்பதுதான் அழகு. உள்ளே குட்டி விளக்கு வைத்து விற்கிற பொம்மைக் குகைகளை வாங்கிவிட்டு, மீன் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்று புலம்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யாருக்குக் குகை, யாருக்கு வேண்டாம்?

இரண்டடித் தொட்டியில் குகையை ரசித்து வாழ்பவை சில உண்டு. பாம்புக்குட்டி மாதிரி நெளியும் குளி லோச் - ஐந்தாறாக வாங்க வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் திறந்த சுரங்கம்தான் சரி. முகத்தில் முள் முள்ளாக இருக்கும் பிரிசில்நோஸ் - முட்டைக்கு விசிறி விடுவது இதில் அப்பாவின் வேலை. நம் நாட்டு மீன்தான் வேண்டும் என்றால், கங்கைப் படுகையைச் சேர்ந்த பேடிஸ் இருக்கிறது. நினைத்த நேரத்தில் நிறம் மாற்றும் குகைவாசி. செர்ரி இறாலுக்கு விரலளவு பொந்துகள் போதும், கிரிபென்சிஸோடு மட்டும் சேர்க்காதீர்கள். இறாலுக்கு அது வீடாக இருக்காது, அதற்கு இறால் சாப்பாடாக இருக்கும்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரண்டடித் தொட்டியே போதாது, குகை வேறு இடைஞ்சல். 'டேங்க் க்ளீனர்' என்று விற்கிற சக்கர் மீன் ஓர் அடியைத் தாண்டி வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது பெருகி உள்ளூர் மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது.

அப்புறம்...

புது அமைப்புக்குள் ஆண் மீனையும், புதிதாக வாங்கிய பெண் மீனையும் ஒரே நேரத்தில் விட்டோம். அப்போதுதான் 'இது என் இடம்' என்று ஆண் மீன் முன்கூட்டியே சொந்தம் கொண்டாடாது. துரத்தினால் தப்பிக்க எதிர் மூலையில் இன்னொரு கொட்டாங்குச்சியும் வைத்திருந்தோம். மேல்மட்டத்தில் நீந்த ஆறு ஜீப்ரா டேனியோ. மேலே அவை பதற்றமில்லாமல் சுற்றினால், ஆபத்து இல்லை என்று கீழே இருக்கும் கூச்ச மீன்கள் புரிந்துகொள்ளும்.

அண்ணன் சொன்னது இந்த முறையும் பலித்தது. இரண்டாம் நாள் மாலையே இரண்டும் தொட்டியின் முன்பக்கம் வந்துவிட்டன. பிறகு மணல் அள்ளல் தொடங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் கல்லைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார். ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

ஆறாவது வாரம் பெண் மீனைக் காணவில்லை. வாசலில் ஆண் மட்டும் நின்று, பக்கத்தில் வந்த டேனியோவையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்க்கத் துடித்த என் கையை அப்பா பிடித்துக்கொண்டார். "பிரசவம் பார்க்கிற இடத்துல லைட் அடிப்பியா?"

முட்டை இரண்டு, மூன்று நாளில் பொரியும், குஞ்சுகள் நீந்த இன்னும் சில நாள் ஆகும் என்று தெரியும். ஃபில்டர் குஞ்சுகளை இழுத்துவிடாமல் அதன் வாயில் ஸ்பாஞ்ச் சுற்றினேன். ஆர்ட்டீமியா முட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கற்றுக்கொண்டேன், குஞ்சுகளின் முதல் சாப்பாடு அதுதான். ஒன்பதாவது நாள் காலை, அம்மாதான் முதலில் பார்த்தார். சிவந்த வயிற்றோடு அது வெளியே வந்தது, பின்னாலேயே கடுகு தாளித்ததுபோலப் பொடிப் பொடியாக ஒரு கூட்டம். கொஞ்சம் தள்ளிப் போன ஒன்றை வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்தோடு துப்பியது.

இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன், குளோரின் நீக்கிய தண்ணீர்தான். ஒவ்வொரு நாள் காலையும் அப்பா டீ டம்ளரோடு தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணுகிறார்.

"பதினேழு" என்றார் நேற்று.

நான் எண்ணினேன். "இல்லப்பா, பத்தொன்பது."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "குகைக்குள்ள இருக்கறதையும் எண்ணினீங்களா?"